இரவல் பாவு, சொந்த ஊடை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டுத் தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் டூ படிக்கும் அவள் மகன் லேப்டாப்பைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான். “மாமா, நானே செஞ்ச மரியோ கேம். ஆடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.” செங்கல் இருக்கவேண்டிய இடத்தில் கைலாசநாதர் கோயில் யாளிகள். கட்டத்தின் முடிவில் கொடிக்கம்பத்துக்குப் பதிலாக ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம். மொத்தம் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்திலேயே ஏழு முறை செத்தேன். “நல்லாத்தான்டா இருக்கு” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “ஒரு மாசம் டைம் குடு” என்றேன். அந்த ஒரு மாதத்தில் ஆடியதும் படித்ததும்தான் இக்கட்டுரை.

இந்த வகைக்குப் பிளாட்ஃபார்ம் கேம் என்று பெயர். நம்மூரில் பிளாட்ஃபார்ம் என்றால் ரயிலடியோ நடைபாதையோதான் நினைவுக்கு வரும். இங்கே அது திரையில் மிதக்கும் திட்டு. ஓடுவது, தாவுவது, அடுத்த திட்டில் கால் வைப்பது, இவ்வளவுதான் ஆட்டம். 1981இல் வந்த ‘டாங்கி காங்’கில் உருளும் பீப்பாய்களைத் தாண்டிய ஆள்தான் பிறகு மரியோ ஆனான். 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வெளிவந்தது. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள், எல்லாம் சேர்த்து 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படம் இதைப்போலப் பல மடங்கு. இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படமாக, நிறம் மட்டும் மாறி வரும்.

தொண்ணூறுகளில் இது நம் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தது. கார்ட்ரிட்ஜை நாங்கள் கேசட் என்போம். படம் வராவிட்டால் கழற்றி ஊதிவிட்டுச் செருகுவோம். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப அதே சில ஆட்டங்கள்தான். ரசிகர் கேம் எது, திருட்டு கேம் எது என்ற வேறுபாடு அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. திரையில் மீசை தெரிந்தால் அது மரியோ.

ரசிகர்கள் செய்கிறவற்றில் இரண்டு வகை உண்டு. அசல் கேமின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு கட்டங்களை மட்டும் புதிதாக அடுக்குவது ஒன்று. ‘சூப்பர் மரியோ வேர்ல்ட்’ கட்டங்களைத் திருத்தும் ‘லூனார் மேஜிக்’ என்ற கருவி 2000இல் வந்தபின் இந்த வகை பெருகியது. தறிக்காரர் பேச்சில் சொன்னால் பாவு அவர்களுடையது, ஊடை மட்டும் நம்முடையது. இன்னொன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே எழுதுவது. அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்தி, 1991இல் கேம் பாய்க்கு வந்த இரண்டாம் ‘மெட்ராய்டு’ ஆட்டத்தை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உட்கார்ந்து மறுபடி செய்து, 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களில், அசலுக்கு உரிய நிண்டெண்டோ அதை இணையத்திலிருந்து நீக்கவைத்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் அதே கதைக்குத் தன் சொந்த மறுஆக்கத்தைக் கொண்டுவந்தது. இரண்டையும் ஆடியவர்களில் குவாஸ்தியுடையதே மேல் என்பவர் நிறைய. நானும் அந்தக் கட்சி.

அக்கா மகன் செய்தது இரண்டாம் வகை. அதனால்தான் முதல் கோளாறே தாவலில் இருந்தது. மரியோ பட்டனை அழுத்தினதும் ஒரே அளவில் தாவுகிறவன் அல்ல. அழுத்திப் பிடித்தால் உயரம் கூடும், ஓடிவந்து தாவினால் தூரம் கூடும், நிற்கச் சொன்னால் கொஞ்சம் வழுக்கித்தான் நிற்பான். தானே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். படத்தை நகலெடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த வழுக்கலை நகலெடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. திட்டின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போனபிறகும் மிகச் சிறிது நேரம் தாவ அனுமதிப்பார்கள். கார்ட்டூனில் பள்ளத்தைக் கவனிக்காமல் காற்றில் ஓடுமே கோயோட்டி ஓநாய், அதன் பெயரால் இதற்குக் கோயோட்டி டைம் என்று பெயர். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ கேமில் இது பத்தில் ஒரு நொடி. செய்தவர்கள் அந்தப் பகுதியின் நிரலைப் பொதுவில் வைத்திருப்பதால் யாரும் பார்க்கலாம். இந்தச் சலுகை இருப்பது ஆடுகிறவருக்குத் தெரியாது. இல்லாவிட்டால், ‘நான் அழுத்தினேனே!’ என்று கத்துவார். முதல் கட்டத்தில் நான் ஏழு முறை கத்தியதற்குக் காரணம் இதுதான், என் வயது இல்லை என்று இப்போது நிம்மதி.

அடுத்தது கட்டங்களின் அடுக்கு. மரியோவின் கட்டங்களை, அதை உருவாக்கிய மியாமோட்டோவின் குழுவினர் கிராஃப் தாளில் வரைந்தார்கள். நம் பட்டு டிசைன்காரரும் கிராஃப் தாளில்தான் மாங்காயும் மயிலும் அன்னமும் வரைகிறார், அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டை குத்துகிறார்கள். (ஜக்கார்டு அட்டையிலிருந்து கணினி பிறந்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விடுகிறேன்.) சிறு கட்டங்களில் சிந்திக்கிற கைக்கு ஒரு சிக்கனம் வரும். மரியோவின் முதல் கட்டத்தைக் கவனியுங்கள். திறந்ததும் இடப்பக்கம் ஒன்றும் இல்லை, வலப்பக்கம் வெளி. போகிறோம். ஒரே ஒரு எதிரி மெல்ல வருகிறது. மோதினால் சாவு, ஆனால் தொடங்கி மூன்று நொடிதான் ஆகியிருக்கிறது, இழப்பு ஒன்றுமில்லை. ஒரு வரி விளக்கம் இல்லாமல் ஆட்டத்தின் இலக்கணம் பிடிபட்டுவிடுகிறது. ரசிகர் கேமில் இந்தப் பொறுமை அபூர்வம். செய்கிறவர் அசலை ஆயிரம் முறை ஆடியவர். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே பத்து எதிரிகளை இறக்குகிறார்.

கடினமாக இருப்பதே தரம் என்ற எண்ணமும் இங்கிருந்துதான் வருகிறது. இதன் உச்சம் 2007இல் ஜப்பானில் ஒருவர் தன் நண்பனை ஆடவைத்து வேடிக்கை பார்ப்பதற்காகச் செய்த ‘கைசோ மரியோ’. தாவுகிற சரியான இடத்துக்கு நேர் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கல். தலை முட்டிப் பள்ளத்தில் விழவேண்டியதுதான். நண்பர்களுக்குள் அது நல்ல நக்கல். அதைப் பார்த்துச் செய்த நூற்றுக்கணக்கானவற்றில் நக்கல் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சியது. செத்தபின் ‘என் தப்புதான்’ என்று எனக்குத் தோன்றினால் கட்டம் கடினமானது. ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று தோன்றினால் கட்டம் மட்டமானது. என் அளவுகோல் இவ்வளவுதான்.

செய்தவரே ஆடி முடித்தாரா என்பதும் ஒரு கேள்வி. 2015இல் வந்த ‘சூப்பர் மரியோ மேக்கர்’ இதை விதியாகவே வைத்தது. தான் செய்த கட்டத்தைத் தானே கடந்து காட்டாமல் யாரும் அதைப் பதிவேற்ற முடியாது. 2024 ஏப்ரல் 8 அன்று அதன் இணையச் சேவை நிற்கப்போகிறது என்றதும், யாரும் கடக்காத கட்டங்களை ஒன்றுவிடாமல் கடப்பது என்று உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் இன்னும் மும்முரமாக இறங்கினார்கள். கடைசியில் ‘ட்ரிம்மிங் தி ஹெர்ப்ஸ்’ என்ற ஒன்றே ஒன்று மிஞ்சியது. சில நொடிகளில் முடிகிற கட்டம், எத்தனையோ ஆயிரம் முயற்சிகளுக்கும் மசியவில்லை. அப்போதுதான் அதைச் செய்தவர் வாய்திறந்தார்: நான் கையால் கடக்கவில்லை, கருவியின் துணையோடு பதிவேற்றினேன் என்று. அந்தக் கட்டம் கணக்கில் சேராது என்று ஆடுகிறவர்கள் அறிவித்தார்கள். அப்படியும் விடாத ஒருவர், சேவை நிற்க மூன்று நாள் இருக்கும்போது, வெறும் கையாலேயே கடந்துவிட்டார்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒட்டுப்போடுவதைத் தவிர. பழைய கேமிலிருந்து மரியோ, புதிய கேமிலிருந்து எதிரி, இணையத்தில் எடுத்த புகைப்படம் பின்னணி என்று சேர்த்தால் ஒவ்வொன்றின் புள்ளியும் ஒவ்வொரு பருமனில் நிற்கும். ஒரே சேலையில் இரண்டு நூல் பருமன் ஓடியதுபோல் கண்ணை உறுத்தும். அக்கா மகனின் யாளிகளில் இந்தக் குறை இல்லை. போய் உட்கார்ந்து வரைந்திருக்கிறான்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். பெரிய காஞ்சிபுரத்துக்காரன் நகலைப் புகழலாமா? ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்த அதே 1985இல்தான் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியும் விசைத்தறியில் ஓடியதைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள். இத்தனை பாடும் இல்லாமல் அதே தோற்றம் பாதி விலையில் கடைக்கு வந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? கேமிலும் இதற்குச் சரியான ஜோடி உண்டு. 1994இல் தைவானில் செய்து விற்ற ‘சோமாரி’: சேகா நிறுவனத்தின் சோனிக் கேம் கட்டங்களில் மரியோவை ஓடவிட்ட திருட்டு கேசட். சோனிக்கின் வேகமும் இல்லை, மரியோவின் தாவலும் இல்லை. அது விசைத்தறி நகல். ரசிகர் செய்வது வேறு. அவர் விலை வைப்பதில்லை, அசல் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. சட்டம் இந்த வேறுபாட்டைப் பெரிதாக மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன்.

மதித்த நிறுவனங்களும் உண்டு. சிங்கப்பூரின் சியோவ் ஸோங் ஹூய் ஒரு ரசிகராகச் செய்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன்’ ஆட்டத்தை, அசல்களுக்கு உரிய கேப்காம் நிறுவனமே 2012 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டது. ரசிகராகத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் வைட்ஹெட் கையில் சேகா ‘சோனிக் மேனியா’வை ஒப்படைத்தது. 2017இல் வந்த அது, பல ஆண்டுகளில் வந்த சோனிக்குகளில் சிறந்தது என்று பெயர் வாங்கியது. நிறுத்தச் சொன்ன கதைகளிலும் முடிவு எப்போதும் சோகம் இல்லை. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் எக்ஸ்’ என்ற ரசிகர் கேமை 2011இல் கைவிட்ட ஆண்ட்ரூ ஸ்பிங்க்ஸ், அதே ஆண்டு ‘டெர்ரேரியா’ வெளியிட்டார். அது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. குவாஸ்தியும் பிறகு ‘ஓரி’ வரிசையின் இரண்டாம் கேமில் கட்டம் வடிவமைக்கப் போனார்.

எனக்குத் தெரிந்து, தமிழில் மரியோ வகைக்குச் சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்றும் இல்லை. தமிழ் வாழ்க்கையைக் கேமாக்க முடியும் என்று காட்டியது, டொரோன்டோவிலிருந்து 2023இல் வந்த ‘வெண்பா’. தாவல் இல்லை, சமையல். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு அம்மாவின் சமையல் குறிப்பேடு, இட்லி. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் ஆக்கத்துக்குத் தரும் விருது அதற்குக் கிடைத்தது. அதில் யாருடைய மீசையும் இரவல் இல்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் இரண்டு கட்டங்களும் மரியோவின் மங்கலான நகல். நான்காவது கைசோவைப் பார்த்துச் செய்த வம்பு. மூன்றாவதில்தான் அவன் தெரிந்தான். அங்கே தரை என்பது பாவு. ஒவ்வொரு தாவலும் ஒரு மிதி. தாவினால் ஒற்றைப்படைத் திட்டுகள் மேலே போகும், இரட்டைப்படை கீழே இறங்கும். மறுபடி தாவினால் மாறும். நடுவில் திறக்கும் இடைவெளியில் நாடா சீறிக்கொண்டு போய்வரும், படாமல் தப்பவேண்டும். தாவினால் புரளும் பலகைகள் 2011இல் வந்த ‘சூப்பர் மரியோ 3டி லேண்ட்’டிலேயே உண்டு. ஆனால் பையன் அதை ஆடியதில்லை. அவன் பார்த்தது அப்பாவின் கால்.

“மூணாவத மட்டும் வச்சிக்கோ, மத்த மூணையும் அழிச்சிடு. கோயோட்டி டைம் போடு. அப்புறம் அந்தத் தொப்பியையும் மீசையையும் எடுத்துடு” என்றேன்.

“மரியோ இல்லன்னா யாரு மாமா ஆடுவாங்க?”

அன்று இரவு மூன்றாம் கட்டத்தைப் பதினான்கு முறை ஆடிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.