பகிர்ந்த கூடமும் பழகிய செய்முறையும்

நுண்மின்னணுவியலில் ஆய்வு செய்ய வரும் மாணவரைத் தடுப்பது பெரும்பாலும் அறிவுக் குறையல்ல, கருவிப் பஞ்சம். சிலிக்கான் வேஃபர் மீது நானோமீட்டர் அளவில் கோடு வரைய எலக்ட்ரான் கற்றைக் கருவி வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் வேலை கெடும் என்பதால் காற்றை வடிகட்டிய தூய்மை அறையும் வேண்டும். இவற்றை ஒரு மாவட்டக் கல்லூரி வாங்குவது நடவாத காரியம். அந்தத் தடையை நீக்க மத்திய அரசு 2008-இல் தொடங்கியதுதான் இந்திய நானோமின்னணுவியல் பயனர் திட்டம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐஐடியும் தம் ஆய்வுக்கூடங்களை வெளியாருக்குத் திறந்தன.

இதன் நன்மை பெரிது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2010-இல் உருவான நானோ அறிவியல் மையத்தின் தூய்மை அறை சுமார் 14,000 சதுர அடி. முன்மொழிவு ஏற்கப்பட்டால், பயிற்சி பெற்று எந்த ஊர் ஆய்வாளரும் அங்கே தம் சாதனத்தைச் செய்து பார்க்கலாம். கல்லூரிதோறும் ஓர் இயந்திரம் வாங்கி, பராமரிப்புக்குப் பணமின்றிப் பூட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கோடிகள் மிச்சமாகின்றன, கருவியைக் கையாளத் தெரிந்த தலைமுறையும் உருவாகிறது.

ஆனால், பலருக்கும் இடம் தரும் இந்தத் தாராளமே உற்பத்திக்கு எதிராக நிற்கிறது. உற்பத்தி என்பது ஒரே செய்முறையை மாற்றாமல் ஆயிரம் முறை செய்வது. பொதுக்கூடத்திலோ நாளுக்கொரு பொருள், ஆளுக்கொரு செய்முறை. தங்கத்தின் சிறு தடயம் சிலிக்கானுக்குள் புகுந்தாலே மின்னூட்டத் துகள்களின் ஆயுள் குறையும். கருவிகளைப் பிரித்து வைத்து இதைத் தடுக்கலாம். ஆனால் அடுப்பில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பதம் நிலைக்காது.

இரண்டாவது குறை, அளவுகோலில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு நூறில் மிகச் சிறந்த ஒரு சாதனம் போதும். தொழிற்சாலை கேட்பதோ மீதித் தொண்ணூற்றொன்பதின் கதையை. வெளியூர் ஆய்வாளர் தமக்குக் கிடைத்த சில வாரங்களில் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். சாதனம் ஏன் வேலை செய்தது என்பதைவிட, ஏன் பலமுறை செய்யவில்லை என்பதே உற்பத்திக்கான அறிவு. அது எங்கும் பதிவாவதில்லை.

அதே பெங்களூரு வளாகத்தில் காலியம் நைட்ரைடு என்னும் குறைகடத்தி மீது நடந்த ஆய்வு வேறு பாதையைக் காட்டுகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சிலிக்கான் மீது வளர்க்கப்படும் அதன் படலம், குளிரும்போது சிலிக்கானைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கி வெடிக்கும். இடையே அலுமினியம் கலந்த அடுக்குகளை வைத்து அந்த இழுவிசையைச் சமன்செய்ய வேண்டும். இது ஒரு வாரத்தில் கைகூடும் வித்தையல்ல. படலம் வளர்ப்போர், சாதனம் செய்வோர், மின்சுற்று அமைப்போர் எனப் பல துறையினர் ஆண்டுக்கணக்கில் ஒரே பொருளோடு மல்லுக்கட்டினார்கள். 2019-இல் அக்னிட் செமிகண்டக்டர்ஸ் நிறுவனம் இங்கிருந்துதான் கிளைத்தது.

ஆகவே, பொதுக்கூடத்தை மூடச் சொல்வது மடமை. அதையே உற்பத்திக்கான படிக்கட்டு என்று எண்ணுவதும் மடமை. கருவி நேரத்தில் ஒரு பங்கை மாறாத செய்முறைகளுக்கென ஒதுக்க வேண்டும். சிறந்த சாதனத்தோடு சராசரிச் சாதனத்தின் அளவீட்டையும் பயனர்கள் தர வேண்டும். கூடத்தை நடத்தும் தொழில்நுட்பர்களுக்கு ஒப்பந்த வேலைக்குப் பதில் பதவி உயர்வுள்ள பணி வேண்டும். மாணவர்கள் போன பின்னும் செய்முறையை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்களே.