காக்கா முட்டையும் கரித்துண்டும்

2015-ஆம் ஆண்டு வெளிவந்த ‘காக்கா முட்டை’ திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தோம். இயக்குநர் மணிகண்டனின் இப்படைப்பு சிறந்த குழந்தைகள் படத்திற்கான தேசிய விருது பெற்றது. தந்தை சிறையிலிருக்க, சென்னைச் சேரியில் வாழும் சகோதரர் இருவர் 299 ரூபாய் பீட்சாவுக்கு ஆசைப்படுகின்றனர். இரயில் பாதையோரம் உதிர்ந்து கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கின்றனர். அவர்களை இரக்கத்திற்குரிய பொருளாக்காமல், குறும்பும் தன்மானமும் உள்ள மனிதராகவே காட்டியது இயக்குநரின் வெற்றி.

ஆயினும், முதன்முறை நாம் கவனியாது விட்ட ஒன்று இம்முறை நெஞ்சில் தைத்தது. இச்சிறுவர் பள்ளிக்குச் செல்வதில்லை. வறுமை அவர்களது படிப்பை நிறுத்திவிட்டதைப் படம் போகிற போக்கில் சொல்லி நகர்கிறது. பீட்சாக் கடை வாயிலில் அவர்கள் அறைபடும்போது பதறுகிறோம். பள்ளி வாயிலுக்கு வெளியே நிற்பதைக் கண்டு பதறவில்லை. இறுதியில் கடை திறக்கிறது. ஆயாவின் தோசையே மேல் என்று அவர்கள் முடிவு செய்ய, நாமும் சிரித்தபடி எழுகிறோம். படிப்பு என்னவாயிற்று என்று கேட்பதில்லை. இது படத்தின் குறையா, பார்த்த நம் குறையா?

வடசென்னை மக்களுக்கு நிலக்கரி புதிதன்று. துறைமுகத்தின் கரித்தூசியை இராயபுரத்தார் நெடுங்காலம் சுவாசித்தனர். 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் அச்சரக்கு எண்ணூருக்கு இடம் மாறியது. 2014-இல் எண்ணூர்த் துறைமுகம் காமராசர் பெயரைப் பெற்றது. பசித்த பிள்ளைகளுக்கு 1956 முதல் பள்ளியிலேயே சோறிட்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய துறையில் கரி இறங்குகிறது. திரையிலோ, உதிர்ந்த கரியைப் பொறுக்கும் பிள்ளைக்குப் பள்ளி இல்லை.

2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நம் உரிமை காக்கப்பட்டதென மகிழ்ந்தோம். ஆனால் கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கை, ஏழைகளின் தேவையைச் சிறப்பாகக் கவனிக்குமாறு நம் பள்ளிகளை வேண்டியதை எத்தனை பேர் நினைத்தோம்? சட்டம் வற்புறுத்தாத இடத்தில்தான் அன்பு சோதிக்கப்படுகிறது.

சிறுவரை விரட்டும் அந்தக் கடைக் காவலாளியை நாம் வெறுத்தோம். கரிபடிந்த கையோடு ஒரு சிறுவன் நம் பங்குப் பள்ளியின் வாயிலில் வந்து நின்றால், அங்கே காவலாளி யார்? ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை அழைத்துச் சீடர்களின் நடுவில் நிறுத்தினார். வாயிலில் அன்று, நடுவில்.