மேல்தட்டும் அடித்தட்டும்

பிரயாண எழுத்தைத் திறனாய்வு செய்யப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எழுதியவர் எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்த்தார் என்பதே அது. மலையுச்சியில் நின்றவருக்குத் தெரிவது ஒன்று. மலையடியிற் கூடை சுமந்து நின்றவருக்குத் தெரிவது வேறு. கப்பலிலே இந்த உண்மை கண்கூடாக விளங்குகிறது. கப்பலுக்கும் மேல்தட்டு உண்டு, அடித்தட்டு உண்டு. சமுதாயத்துக்கும் நாம் அதே சொற்களைத்தான் வழங்குகிறோம்.

இன்று உல்லாசக் கப்பற் பிரயாணத்தைப் பற்றிய எழுத்துப் பெருகி வருகிறது. எந்தக் கப்பலைத் தெரிவு செய்வது, கடலைப் பார்த்த அறை வேண்டுமா, துறைமுகத்தில் இறங்கினால் எதை எதைக் காண்பது என்றெல்லாம் அது விரிவாக எடுத்துரைக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளைத் தொட்டது. ஆகவே இது எங்கோ தொலைவிலுள்ள செல்வர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. தமிழ் வாசகனும் அதன் பிரயாணியாகிவிட்டான். நாளை நமது ஆசிரியர்களும் மாணவர்களும் ஏறக்கூடும். ஏறுவதில் தவறொன்றும் இல்லை. உழைத்தவன் ஓய்வு கொள்ளவும் உலகைக் காணவும் உரிமையுடையவன். ஆனால் அந்தக் கண்களுக்கு இவ்வெழுத்து எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை ஆராய்வது நமது கடமை.

அந்த ஆராய்ச்சிக்கு மலையகத்தைக் காட்டிலும் தக்க உரைகல் இல்லை. கொழும்புத் துறைமுகத்தின் பெரிய அலைதாங்கி 1875இல் தொடங்கப்பெற்று 1885இல் நிறைவேறிற்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. 1869இல் கோப்பிச் செடியிற் கண்ட இலைநோய் கோப்பிப் பயிரையே அழித்துவிட, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலையெங்கும் பரவியது. அதே 1869இற் சுயஸ் கால்வாயும் திறந்தது. இவை ஒன்றையொன்று தாங்கி நின்ற காரியங்கள். தேயிலைப் பெட்டியை இறக்கிய அதே தண்டவாளம் வெள்ளைக்காரப் பிரயாணியை நுவரெலியாவின் குளிருக்கு ஏற்றிச் சென்றது. பெட்டி ஏறிய அதே துறையில் அவன் வந்து இறங்கினான். உல்லாசப் பிரயாணமும் தோட்ட முதலாளித்துவமும் ஒரே தாயின் இரு பிள்ளைகள்.

அதே கடலில் இன்னொரு பிரயாணமும் நடந்தது. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து சிறு தோணிகளில் மன்னாரை அடைந்த கூலித் தொழிலாளர், அங்கிருந்து மாத்தளை வரையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் காட்டு வழியே நடந்தனர். கொள்ளைநோயும் பசியும் அவ்வழியிற் பலரை வீழ்த்தின. பின்னர் மண்டபத்தில் முகாம் எழுந்தது. சோதனைக்காகவும் நோய்த்தடுப்புக்காகவும் அங்கே சில நாட்கள் அடைத்து வைத்த பிறகே கப்பலேற்றினர். கழுத்திலே எண் பொறித்த தகரவில்லை தொங்கியது. செலவுப் பணமோ பெரும்பாலும் கங்காணியின் கணக்கிற் கடனாக ஏறியது. உல்லாசக் கப்பலைப் பற்றிய எழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் உச்சரிக்கும் சொல் ‘தெரிவு’ என்பது. கப்பல், அறை, உணவு, துறை யாவும் தெரிவு. தகரவில்லை அணிந்தவனுக்குத் தோட்டத்தின் பெயர்கூடத் தெரிவன்று. ஒரே நீர்ப்பரப்பின் மேல் நடந்த இவ்விரு பிரயாணங்களுள் ஒன்று மட்டுமே ‘பிரயாணம்’ என்று அழைக்கப்பட்டு, ஒன்று மட்டுமே நூலேறியது ஏன்? திறனாய்வாளன் விடை காணவேண்டிய வினா இதுதான்.

விடைக்கு ஒரு மேதையின் உதவியை நாடுவோம். 1890ஆம் ஆண்டில் அந்தோன் செக்காவ் ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள சகாலின் தீவுக்குச் சென்று, அங்கே கைதிகளாகவும் குடியேற்றப்பட்டவர்களாகவும் வாடிய ஏறத்தாழ 10,000 பேரைத் தாமே கணக்கெடுத்தார். துன்பத்தை நேருக்கு நேர் பார்க்கும் கண் அவருடையது. திரும்பும் வழியில் ‘பீட்டர்ஸ்பர்க்’ என்னும் கப்பல் நவம்பரிற் கொழும்பை அடைந்தது. சில நாட்கள் தங்கினார், புகையிரதத்தில் உள்நாட்டுக்குப் போனார், கண்டியைக் கண்டார். பிறகு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இலங்கையைச் சுவர்க்கம் என்றே வருணித்தார். சகாலினின் விலங்குகளைக் கண்ட கண், அந்தப் புகையிரதம் யாருக்காக மலையேறியது, யாருடைய உழைப்பைச் சுமந்து இறங்கியது என்பதைக் காணவில்லை. செக்காவைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. துறைமுகத்தில் இறங்கி ஏறும் பிரயாணியின் நிலை எத்தகைய கண்ணையும் எவ்வாறு கட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அதே பிரயாணத்தில் உருவாகி, கொழும்பு என்று இடங்குறித்து அவர் வெளியிட்ட சிறுகதை ‘குசேவ்’. அதிலே சுவர்க்கம் இல்லை. ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஓர் எளிய சிப்பாய், ஊர் திரும்பும் கப்பலின் நோயாளர் அறையில் காசநோயாற் சாகிறான். பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் எறிகிறார்கள். துறைமுகத்தில் இறங்கிய செக்காவ் தந்தது அழகிய கடிதம். அடித்தட்டுக்கு இறங்கிய செக்காவ் தந்ததோ உலக இலக்கியம். எழுதியவர் ஒருவரே; பிரயாணமும் ஒன்றே; மாறியது நின்ற இடம்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு இன்றைய எழுத்துக்கு வருவோம். பெருங்கப்பல் துறையில் நிற்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 5 மணி நேரம் வேண்டும். திரும்பவும் அதே 5 மணி. அந்தப் பகலில் மலையகம் அகப்படாது. ஆயினும் இலங்கையைப் பற்றிய விளம்பரத் தாள்களில் தவறாது காணப்படுவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமே. மலையேற நேரமுள்ளவர்களுக்கும் வண்டி நிற்பது தேயிலை ஸ்டோரின் விற்பனைக் கூடத்திலும், பாதையோர மலையிலும், துரை பங்களாவிலும்தான். லயத்தின் பக்கம் அது திரும்புவதில்லை. அட்டனைச் சூழ்ந்த பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உயர்தர விடுதிகளாகிவிட்டன. பங்களாவின் வரலாறு விலைபோகிறது. லயத்தின் வரலாற்றைக் கேட்பாரில்லை.

பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலை என்று எழுதாத பிரயாணக் கட்டுரை அரிது. அந்தக் கம்பளத்தை நெய்தவர் யார்? தேயிலையைத் தன்போக்கில் விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, சில நாட்களுக்கு ஒருமுறை கொழுந்தெடுத்து, மட்டம் பிசகாமற் காத்து, கான் வெட்டி மண்ணைத் தடுத்து நிறுத்துவதனாலேயே அது கம்பளமாகக் காட்சி தருகிறது. இயற்கை என்று பிரயாணி வியப்பது ஐந்தாறு தலைமுறைகளின் கைவேலையை. அன்றைய நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் பெண்ணின் கைவேலையை. 1,000 ரூபா நாட்கூலி 2021இலும் 1,350 ரூபா 2024இலும்தான் வர்த்தமானியில் ஏறின. அதுவும் நெடிய போராட்டத்தின் பின்னரே. உழைப்பை இயற்கையாக மாற்றிக் காட்டும் இந்த வித்தையே இவ்வெழுத்தின் அடிப்படைப் பொய் என்போம்.

பெருங்கப்பலின் ஆரவாரத்தை வெறுப்போர் இப்போது ஆய்வுப் பயணக் கப்பல்களை நாடுகின்றனர். சிறிய கப்பல், சில நூறு பிரயாணிகள், உடன் வரும் அறிஞர்களின் சொற்பொழிவு. இது மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அன்டார்ட்டிக்காவில் ஒரே வேளையில் 100 பேருக்கு மேல் ஒரிடத்திற் கரையிறங்கலாகாது. பெங்குவின் பறவைக்கு 5 மீட்டர் தூரத்துக்குள் நெருங்கலாகாது என்ற ஒழுங்குகளும் உண்டு. நல்ல ஒழுங்குகள்! பறவையின் அமைதியைக் குலைக்கலாகாது என்றுணர்ந்த அதே நாகரிகம், கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணின் முகத்தருகே கமராவை நீட்டும்போது மட்டும் தூரத்தை மறந்துவிடுகிறதே! அவளும் பிறர் அனுமதி கேட்டு அணுகவேண்டிய ஓர் உயிர் என்று சொல்ல ஒரு சொற்பொழிவாளர் அக்கப்பலில் வேண்டாமா?

அடித்தட்டு கரையில் மட்டும் இருப்பதன்று. மேல்தட்டில் விருந்து நடக்கும்போது கீழே சமையலறையிலும் சலவையறையிலும் ஆசிய நாடுகளின் ஏழைப் பிள்ளைகள் உழைக்கின்றனர். 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கைகூட ஒரு நாளில் 14 மணி, ஒரு வாரத்தில் 72 மணி வரை வேலை வாங்க இடந்தருகிறது. கப்பலைத் தெரிவு செய்யச் சொல்லித்தரும் கட்டுரைகளில் அறையின் அகலம் இருக்கும். இவர்களுடைய வேலைநேரம் இராது.

ஓய்வுக்காகச் செல்பவனிடம் இத்தனையையும் சுமத்துவது தகுமா, அழகை அனுபவிக்கவும் விடமாட்டீர்களா என்று சிலர் கேட்பர். ‘குசேவ்’ கதையின் முடிவே இதற்கு விடை. சிப்பாயின் உடல் ஆழத்திலிறங்கிய பின் செக்காவ் வானத்தின் நிறங்களையும் கடலின் ஒளியையும் பேரழகோடு தீட்டுகிறார். அழகை அவர் விலக்கவில்லை. பிணத்தை மறைக்க அதைப் போர்வையாக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே வானத்தின் கீழ் வைத்தார். முற்போக்கு இலக்கியம் கேட்பதும் இவ்வளவே. நுவரெலியாவின் மூடுபனி அழகுதான். அப்பனியில் விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு நடப்பவளும் அந்த ஓவியத்தில் இடம் பெறட்டும்.

இந்தக் கடலில் மூன்றாவது பிரயாணம் ஒன்றும் நடந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரிற் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசிக்கொள்ள ஒத்திவைத்தது. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு. பிறந்த மண்ணை விட்டுப் பாட்டன் மண்ணுக்கு அகதியாகச் சென்ற அந்தக் கப்பலிலும் தெரிவு இல்லை. 2023இல் உல்லாசக் கப்பல் வந்துபோன சில வாரங்களிலேயே, இருநூறாண்டு நினைவாக மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைத் தாமே தெரிவு செய்து நடந்தது அந்நடை. அதுவும் ஒரு பிரயாணம். தமிழிற் பிரயாண இலக்கியமாக எழுதப்படக் காத்திருக்கிறது.

அவ்வாறு எழுத விரும்புவோருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தே எழுதிய புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யிலே தோட்டத்து மருதியைக் கண்டார். கோகிலம் சுப்பையா 1964இல் தமது நாவலுக்கு இட்ட ‘தூரத்துப் பச்சை’ என்ற பெயர், இன்றைய விளம்பரத் தாள்கள் அனைத்துக்கும் எழுதிய விமரிசனம் போல் விளங்குகிறது. தோட்டத்திலேயே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். அவர்களது வாழ்வைக் கவிதையாக்கினார். இவர்கள் எவரும் மேல்தட்டில் நின்று எழுதவில்லை.

ஆகவே கப்பலேற விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. ஏழு துறைகளை ஏழு நாளில் தொடும் பிரயாணத்தைவிட, ஒரு துறையில் இறங்கிச் சில நாள் தங்கவிடும் பிரயாணத்தைத் தெரிவு செய்யுங்கள். புறப்படுமுன் ‘தூரத்துப் பச்சை’யை வாசியுங்கள். பங்களாவின் வயதைக் கேட்கும்போது லயத்தின் வயதையும் கேளுங்கள். தேநீரின் மணத்தைப் புகழும்போது அன்றைய நாட்கூலியையும் விசாரியுங்கள். படம் பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள். திரும்பி வந்து எழுதும்போது, உங்கள் அறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் எந்த நாட்டவர் என்பதையும் எழுதுங்கள். தெரிவு செய்யும் உரிமை பெற்றவர் தெரிவு மறுக்கப்பட்டவரை மறவாது எழுதும்போதுதான் பிரயாண எழுத்து இலக்கியமாகும்.