வீட்டுக் கொட்டகையில் விமானம்: செய்திகள் சொல்லாமல் விட்டவை

வீட்டிலேயே விமானம் செய்தவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வெளிவருகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மாணவர்களும் அவற்றை ஆவலோடு படித்துவிட்டு வகுப்பில் வந்து கேள்வி கேட்கிறார்கள். ஆர்வத்தைத் தூண்டும் இச்செய்திகள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அவை எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று ஆராய்வது நம் கடமை. ஏனெனில் விடுபட்ட பகுதியில்தான் உயிர் காக்கும் அறிவியல் இருக்கிறது.

மூன்றும் ஒன்றல்ல

கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன், இங்கிலாந்தில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ‘ஸ்லிங் டி.எஸ்.ஐ.’ என்ற நான்கு இருக்கை விமானத்தை உருவாக்கினார். கொரோனா ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய வேலை சுமார் 18 மாதங்களில் முடிந்தது. 2022இல் இச்செய்தி இந்தியா முழுவதும் பரவியது. செலவு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் என்பதும், குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்து சென்றதும் விரிவாக எழுதப்பட்டன.

ஆனால் அவர் செய்தது ‘கிட்’ விமானம் என்பதன் பொருளைச் செய்திகள் போதிய அளவு விளக்கவில்லை. இறக்கையின் வடிவமும் தகட்டின் கனமும் அவர் தீர்மானித்தவை அல்ல. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள நிறுவனம் வடிவமைத்து, பறக்கவிட்டுச் சோதித்த விமானம் அது. வாங்குபவர் செய்முறைக் குறிப்பேட்டின்படி பாகங்களைப் பொருத்தி, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை அடிக்கிறார். பொறுமையும் கைத்திறனும் வேண்டிய பெரும் வேலைதான். ஆனால் விமானத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலை அன்று.

மும்பை விமானி அமோல் யாதவின் முயற்சி வேறு வகை. காந்திவலியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், தம் சொந்த வடிவமைப்பில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டி, 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். 2017இல் பதிவும், 2019இல் பறந்து பார்க்க அனுமதியும் கிடைத்தன. இங்கே அரசு அலுவலகத்தின் தாமதமே செய்திகளில் வில்லனாயிற்று. தாமதத்தைக் கண்டிப்பது நியாயம். ஆனால் சோதனையையே முட்டுக்கட்டையாகச் சித்திரிப்பது நியாயமன்று. முன்பு பறந்திராத வடிவத்துக்குக் கூடுதல் சோதனை தேவை அல்லவா?

மூன்றாவது வகைதான் நம்மை வருத்துகிறது. மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், வெல்டிங் தொழில் செய்த 24 வயது இளைஞர் ஒருவர் தாமே ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கினார். 2021 ஆகஸ்டில் தரையில் இயக்கிப் பார்த்தபோது வால் சுழலி உடைந்து முதன்மைச் சுழலியில் மோத, அதன் இறக்கை தாக்கி அவர் உயிரிழந்தார். இந்த மூன்றுக்கும் ‘சொந்தமாகச் செய்தார்’ என்ற ஒரே தொடரைப் பயன்படுத்துவது பெருங்குறை.

ஒரு சிறு கணக்கு

சுழலும் இறக்கையில் பற்றவைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? அச்சிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் 1 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பாகம் நிமிடத்துக்கு 500 முறை சுற்றுவதாகக் கொள்வோம். கோணத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 52.4 ரேடியன். அதன் வர்க்கத்தை 2ஆல் பெருக்கினால், தேவைப்படும் மையநோக்கு விசை ஏறத்தாழ 5,480 நியூட்டன். அதாவது, அந்த ஒரு கிலோ பாகத்தைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்பு, 560 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பைத் தாங்க வேண்டும். வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். வெளியே அழகாகத் தெரியும் பற்றவைப்பின் உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

எடை எங்கே அமைகிறது என்பதும் இவ்வாறே முக்கியம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூரில் இதை விளக்குவது எளிது. பாரம் பின்புறம் அதிகமானால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. லாரியை நிறுத்திச் சரிசெய்யலாம். ஈர்ப்பு மையம் பின்னே தள்ளிப்போன விமானத்தை வானத்தில் நிறுத்த முடியுமா?

நல்ல வடிவமைப்பிலும் ஒரு சிறு மாற்றம் ஆபத்தாகலாம். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் வரைபடம் வாங்கிக் கட்டிய ‘லாங் ஈசி’ விமானத்தில் பறந்தபோது 1997 அக்டோபர் 12 அன்று கடலில் விழுந்து இறந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகை, கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்று விசாரணை காட்டியது.

ஒருவர் சாதனையா?

பிரிட்டனில் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் வீட்டில் கட்டும் விமானத்தைப் படிப்படியாகப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். மூடிவிட்டால் உள்ளே பார்க்க முடியாத இடங்களை மூடுவதற்கு முன்பே காட்ட வேண்டும். கொட்டகையில் நிற்பவர் ஒருவர். அவர் பின்னால் வடிவமைப்பாளரும் ஆய்வாளரும் முன்பே கட்டிப் பறந்தவர்களும் நிற்கிறார்கள். தனிமனித வீரக்கதை எழுதும் செய்தி இவர்களை அழித்துவிடுகிறது.

தமிழகத்திலும் 1910இல் சென்னை ஓட்டல் உரிமையாளர் தாஞ்சலிஸ், தாம் வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் வண்டிப் பட்டறையில் கட்டுவித்துப் பறந்து காட்டினார். அவர் பெயர் நிலைத்தது. மரத்தை இழைத்த கைகளின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

எனவே, இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வடிவமைத்தவர் யார்? இணைப்புகளைச் சோதித்தவர் யார்? எடையும் ஈர்ப்பு மையமும் அளக்கப்பட்டனவா? முதல் ஓட்டத்துக்கு அனுமதி உண்டா? விடை இல்லாத செய்தி பாராட்டாக இருக்கலாம், பாடமாகாது. யவத்மால் இளைஞருக்குத் துணிவும் உழைப்பும் குறைவில்லை. அவர் வேலையைப் பார்த்து ‘இங்கே நிறுத்து’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளிலும் அத்தகைய இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கைதட்டி அனுப்பாமல், உடனிருந்து சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தொடங்கலாம்.