பக்கவாட்டில் முளைக்கும் டிஎன்ஏ

புரதம் எதற்கும் குறிப்பு இல்லாத ஆர்என்ஏ என்றால் உப்புக்குச் சப்பாணி என்று நினைப்பவர்கள் பாக்டீரியாக்களின் ரெட்ரானைப் பார்க்க வேண்டும்: அப்படிப்பட்ட ஓர் ஆர்என்ஏவும் அதை டிஎன்ஏவாக நகலெடுக்கும் நொதியும் சேர்ந்த அமைப்பு அது. 1984இல் மண்ணில் வாழும் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்ற பாக்டீரியாவில் சுமிகோ இனூயே, மசயோரி இனூயே குழுவினர் 162 எழுத்து நீள டிஎன்ஏ துண்டுகளைக் குவியல் குவியலாகக் கண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்என்ஏ ஒட்டிக்கொண்டிருந்தது. 1989இல்தான் அந்த டிஎன்ஏவைச் செய்யும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி பிடிபட்டது.

அந்த ஆர்என்ஏவின் மடிப்புதான் எனக்குப் பிடித்த இடம். இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைய, ஒரேயொரு குவானின் மட்டும் வாகாக வெளியே நிற்கிறது. அதன் சர்க்கரையில் இரண்டாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலைப் பிடித்து நொதி நகலெடுக்கத் தொடங்குகிறது. வழக்கமாக இந்த வேலை மூன்றாம் கார்பனுக்கு உரியது! தண்டின் பக்கத்தில் கிளை விடுவதுபோல டிஎன்ஏ வளர்கிறது. நகலெடுக்கப்பட்ட ஆர்என்ஏ பகுதியை ஆர்என்ஏஸ் ஹெச் என்ற இன்னொரு நொதி தின்றுவிடுகிறது. அச்சும் அடித்தளமும் ஒரே மூலக்கூறு. என்ன சிக்கனம்!

இதெல்லாம் எதற்கு என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 2020இல் விடை வந்தது: வைரஸ் எதிர்ப்பு. ஈ.கோலையின் ஈசி48 என்ற ரெட்ரான், ரெக்பிசிடி என்ற காவல் நொதியைக் கண்காணிக்கிறது. வைரஸ் அதை முடக்கினால், வைரஸ் பெருகுவதற்குள் செல்லே செத்துவிடுகிறது. பக்கத்துச் செல்கள் பிழைக்கின்றன.

ஆய்வுக்கூடங்களோ ரெட்ரான் ஆர்என்ஏவின் நடுவில் வேண்டிய வரிசையைச் செருகி, மரபணுத் திருத்தத்துக்கான டிஎன்ஏவைச் செல்லுக்குள்ளேயே தயாரித்துக்கொள்கின்றன.