எறும்பின் மூவறிவு

திருநீர்மலைப் படியில் நிரைபட ஊரும் எறும்புகளின் தடத்தை விரலால் துடைத்தோம். துடைத்த இடம் எய்தியதும் அவை தயங்கின; உணர்கொம்பால் துழாவின. தொல்காப்பிய மரபியல் எறும்பிற்கு மெய், நா, மூக்கு என்னும் மூவறிவே கூறிக் கண்ணறிவை நண்டிற்கும் தும்பிக்கும் வைத்தது. பெரும்பாலான எறும்புகட்குக் கண் உண்மையின் ஆசிரியர் பிழைத்தார் என்பாரும், இன்றைய நரம்பியலை அன்றே கண்டார் என்பாரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. அவ்வகுப்பு உறுப்பை எண்ணியதன்று. ஒழுகலாற்றை நோக்கியது எனல் பொருந்தும். கண்ணிருந்தும், முன்சென்ற எறும்பு இட்ட மணத்தையே உணர்கொம்பு ஏற்க, மூளை அதனை நடையாக்குகின்றது. ஆயினும் சகாராப் பாலையின் எறும்பு வானொளியால் திசையறிந்து வளைக்கு மீள்கின்றது. ஆண்டு எம் விளக்கமும் செல்லாது.