குரலும் சொல்லும்: ஆரம்ப வகுப்பறைக் காணொளிக் கலந்துரையாடல் பற்றிய ஒரு விமரிசனக் குறிப்பு

1

கல்வியியலாளர் அண்மைக்காலத்திற் பெரிதும் கையாளும் தொடர்களுள் 'மாணவர் குரல்' என்பதும் ஒன்று. வகுப்பறையில் ஆசிரியரே பேசுகிறார், மாணவர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இந்நிலை மாறி மாணவரும் பேசுதல் வேண்டும் என்பதே அத்தொடரின் சாரம். கோட்பாட்டளவில் இதனை மறுப்பார் இலர். ஆயினும், எல்லாராலும் எதிர்ப்பின்றி ஏற்கப்படும் ஒரு சுலோகத்தைச் சற்று நின்று நோக்குவது விமரிசனத்தின் கடமையாகும். பாடசாலை நிருவாகமும் முற்போக்கு ஆசிரியரும் மென்பொருள் நிறுவனமும் ஒரே தொடரை ஒரே உற்சாகத்துடன் உச்சரிக்கும்போது, மூவரும் அதனால் ஒரே பொருளைத்தான் கருதுகின்றனரா என நாம் வினவ வேண்டியுள்ளது.

தமிழ் வழக்கு இவ்விடத்தில் எமக்குத் துணைசெய்கின்றது. 'அவருக்கு நல்ல குரல்' என்கிறோம். 'அவருடைய சொல் எடுபடும்' என்றும் சொல்கிறோம். குரல் தொண்டையிற் பிறப்பது. சொல் எடுபடுதலோ ஒரு சமூக உறவு. கேட்பவர் இருந்து, கேட்டதன் விளைவாக ஏதேனும் நிகழ்ந்தாலன்றிச் சொல் எடுபட்டதாகாது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் காணொளிக் கலந்துரையாடற் கருவிகள் இவ்விரண்டில் எதனை வழங்கின என்பதே இக்கட்டுரையின் வினா. அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளிற் பரவலாக வழங்கிய 'பிளிப்கிறிட்' என்னும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2

பிளிப்கிறிட் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. சார்ள்ஸ் மில்லர் என்னும் பேராசிரியர் தம் மாணவர் வகுப்புக்கு வெளியேயும் தம்முள் உரையாடுவதற்கென ஆக்கிய கருவி, பின்னர் வணிகப் பண்டமாயிற்று. 2018 ஜூனில் மைக்றோசொப்ற் நிறுவனம் அதனை வாங்கிப் பாடசாலைகளுக்கு இலவசமாக்கியது. கொள்ளைநோயினால் 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதன் பயன்பாடு மேலும் பெருகியது. 2022இல் அதன் பெயர் 'பிளிப்' எனச் சுருங்கியது.

அதன் இயக்கம் எளிது. ஆசிரியர் ஒரு வினாவை இடுவார். பிள்ளை கணினியின் அல்லது கைபேசியின் கமராவைப் பார்த்து, ஆசிரியர் வகுத்த நேர எல்லைக்குள் விடையைப் பேசிப் பதிவுசெய்யும். திருப்தி இல்லையெனில் அதனை அழித்து மீண்டும் பதியலாம். வகுப்பார் அனைவருடைய முகங்களும் கட்டம் கட்டமாக ஒரே திரையில் தோன்றும். ஒருவர் கூறியதைப் பார்த்து மற்றவர் இன்னொரு காணொளியாற் பதிலளிக்கலாம். விரும்பினால், ஆசிரியர் தாம் பார்த்து அனுமதித்த பின்னரே பதிவுகள் ஏனையோருக்குத் தெரியுமாறும் செய்யலாம். எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதும் கணக்கிடப்படும்.

இக்கருவியின் நன்மையை முதலில் நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வகுப்பறைப் பேச்சை நுணுகி ஆராய்ந்த ஹியூ மெஹான், 1979இல் வெளிவந்த தமது நூலில், அப்பேச்சு மூன்று அசைவுகளாலானது எனக் காட்டினார்: ஆசிரியர் வினவுகிறார், மாணவர் விடையளிக்கிறார், ஆசிரியர் விடையை மதிப்பிடுகிறார். மூன்றில் இரண்டு ஆசிரியருடையவை. எஞ்சிய ஒன்றுக்கு இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் போட்டியிடுகின்றனர். வினாவிய பின் ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார் என்பதையும், அதனை மூன்று விநாடிக்கு நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாதிருந்தோரும் பேசுகின்றனர் என்பதையும் மேரி பட் றோவின் ஆய்வுகள் 1970களிற் புலப்படுத்தின.

முதலிற் கையுயர்த்தும் பிள்ளை எப்பிள்ளை? இஃது இயற்கை வழங்கிய திறமையன்று. ஷேர்லி பிறைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கரோலினாப் பகுதியின் கறுப்பினத் தொழிலாளர் சமூகமொன்றை நெருங்கி நோக்கினார். தமக்கு ஏற்கெனவே விடை தெரிந்த வினாக்களைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கம் அங்கில்லை. மத்தியதர வர்க்க வீடுகளிலோ 'இது என்ன நிறம்?' எனப் படப்புத்தகத்தைக் காட்டிக் கேட்பது தொட்டிற் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றது. எனவே, பாடசாலையின் வினாவுக்கு ஒரு வர்க்கத்துப் பிள்ளை பயிற்சியுடன் வருகின்றது. மற்றைய வர்க்கத்துப் பிள்ளை அவ்வினாவின் நோக்கமே விளங்காது திகைக்கின்றது. வகுப்பறையின் ஒரு விநாடி வர்க்கச் சார்புடைய ஒரு விநாடி.

இந்த ஒரு விநாடியின் கொடுங்கோன்மையைக் காணொளிக் கருவி உடைத்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளையும், கூச்சமுள்ள பிள்ளையும், மெல்லச் சிந்திக்கும் பிள்ளையும் தத்தம் வேகத்திற் பேச வாய்ப்புப் பெற்றனர். ஒருவர் பேசுவதால் மற்றவர் முறை பறிபோவதில்லை. இதனைச் சிறிதென ஒதுக்கும் விமரிசனம் தன்னை இடதுசாரி விமரிசனம் என்று கூறிக்கொள்ளத் தகுதியற்றது.

3

ஆயின், நேரம் மட்டுமே பிள்ளையின் வாயைக் கட்டியிருந்ததா? இவ்வினாவுக்கு வில்லியம் லபோவ் தெளிவான விடை ஒன்றை விட்டுச்சென்றுள்ளார். 1960களில் அமெரிக்க உளவியலாளர் சிலர், கறுப்பினச் சேரிப் பிள்ளைகள் மொழிவறுமை உடையோர் என வாதித்தனர். அதனை மறுத்து 1969இல் லபோவ் எழுதிய கட்டுரையில், ஹார்லெமைச் சேர்ந்த லியோன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் காண்கிறோம். நேர்காண்பவர் கிளாரன்ஸ் றொபின்ஸ், ஹார்லெமிலேயே வளர்ந்த கறுப்பினத்தவர். அவர் முன்னும் லியோன் ஓரிரு சொற்களுக்கு மேற் பேசவில்லை. அடுத்த முறை றொபின்ஸ் உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு பையுடன் வந்தார். லியோனின் நெருங்கிய தோழன் கிறெகரியையும் உடனழைத்தார். தாம் தரையில் அமர்ந்தார். தடைசெய்யப்பட்ட சொற்களையும் விடயங்களையும் தாமே எடுத்தார். அதுவரை ஊமைபோல் இருந்த சிறுவன், தோழனுடன் போட்டியிட்டுப் பேசத் தொடங்கினான்.

இங்கு மாறியவை எவை என்பது மனங்கொள்ளத்தக்கது. நேரம் நீட்டப்படவில்லை, கருவி மாற்றப்படவில்லை, ஒலிப்பதிவுக் கருவி முன்னரும் இருந்தது. மாறியவை உறவுகள். பெரியவரின் உயரம் தரைமட்டத்துக்கு இறங்கியது. பக்கத்தில் ஒரு தோழன் வந்தான். எதனைப் பேசலாம் என்பதன் எல்லை விரிந்தது.

இவ்வளவுகோலைக் கொண்டு காணொளிக் கருவியை நோக்குவோம். தன் கமராவின் முன் பிள்ளை தனித்திருக்கின்றது. தோழன் உடனில்லை, பின்னர் பார்ப்பவனாக மட்டுமே அவன் இருக்கிறான். வினா ஆசிரியருடையது; நேர எல்லை ஆசிரியருடையது; அனுமதியும் அவருடையதாகலாம். மெஹான் கண்ட மூன்று அசைவுகளும் அப்படியே உள்ளன. ஒரு பிள்ளையிடம் கேட்ட வினா இப்பொழுது முப்பது பிள்ளைகளிடம் ஒரே சமயத்திற் கேட்கப்படுகின்றது. இதனால் விடைகள் பல்கின. விடையளிப்போனின் நிலை மாறவில்லை.

4

இலக்கிய மாணவராகிய நாம் இக்காணொளியை ஒரு வடிவமாகவும் நோக்கக் கடமைப்பட்டுள்ளோம். எந்த வடிவமும் வெறுங்கலனன்று. சமூக உறவொன்று அதில் உறைந்துள்ளது.

இவ்வடிவத்தின் தலையாய கூறு 'மீள்பதிவு'. தயங்கினால் அழிக்கலாம், தடுமாறினால் அழிக்கலாம். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ பதிந்ததே வகுப்புக்குக் காட்டப்படுகின்றது. வெளித்தோற்றத்தில் இது பேச்சு. உண்மையில் இது திருத்தி எழுதிய கட்டுரையின் வாய்மொழி வடிவம். டக்ளஸ் பார்ன்ஸ் 1976இல் வகுப்பறைப் பேச்சை இரண்டாகப் பகுத்தார். ஒன்று, தேடிச் செல்லும் பேச்சு: இடையில் நிற்பது, முன் கூறியதைத் திருத்துவது, 'ஒருவேளை' எனத் தொடங்குவது. மற்றது, முடிந்த முடிபாக அரங்கேற்றப்படும் பேச்சு. கற்றல் நிகழ்வது பெரும்பாலும் முன்னதில் என்பது அவர் கருத்து. பேச்சின்போது சிந்தனை உருப்பெறுகின்றது, ஆயத்தமாயிருந்த சிந்தனைக்கு அணியப்படும் ஆடையன்று பேச்சு என 1934இல் வைகொட்ஸ்கி நிறுவியதும் இதனோடியைந்ததே.

மீள்பதிவு அழிப்பது எதனை? தயக்கத்தையும் தடுமாற்றத்தையும்; அதாவது, சிந்தனை நிகழ்ந்த தடத்தை. எஞ்சுவது ஆற்றுகை. தன் முகத்தையே திரையிற் கண்டு பேசும் பிள்ளை தன்னைத்தானே பார்வையாளனாக மதிப்பிடப் பழகுகின்றது. எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கும் உடன் சேரும்போது, ஏழு வயதிலேயே தன் சொல்லைச் சந்தைக்குரிய பண்டமாக நோக்கும் மனப்பாங்கு ஊட்டப்படுகின்றது. கூச்சமுள்ள பிள்ளைக்கு மீள்பதிவு புகலிடம் என்பதும் மெய். அதே பிள்ளைக்கு அது முடிவற்ற திருத்தத்தின் சிறையாகலாம் என்பதும் மெய். இம்முரண்பாட்டின் இரு முனைகளையும் ஒருசேரக் காண்பதே இயங்கியற் பார்வை.

இரண்டாவது கூறு, கட்டம். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு சதுரத்துள். எவரும் எவரையும் இடைமறிக்க இயலாது. 'நீ சொல்வது பிழை' என ஒரு பிள்ளை பாதியில் எழ முடியாது. இருவர் சேர்ந்து ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. சொல் என்பது பேசுவோன், கேட்போன் இருவருக்கும் பொதுவான நிலம் என 1929இல் வொலோஷினொவ் விளக்கினார். அந்நிலம் இங்கே வேலியிட்டுத் துண்டாடப்பட்டுள்ளது. கலந்துரையாடல் என்னும் பெயரில் நாம் காண்பது அடுக்கி வைக்கப்பட்ட தனிமொழிகளையே.

மூன்றாவது கூறு, சட்டகத்தின் பின்னணி. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சுவரின் முன் அமர்ந்திருந்தனர். வீட்டிலிருந்து பதிவுசெய்தபோது, ஒரு பிள்ளையின் பின்னால் புத்தக அலுமாரி நின்றது. இன்னொன்றின் பின்னால் மூவர் உறங்கும் அறையும், ஓயாத தொலைக்காட்சி ஓசையும் நின்றன. பேசத் தனியிடம் உண்டா என்பதே பேச்சின் முதல் நிபந்தனையாயிற்று. குரலைக் கேட்க வந்த கருவி வீட்டையும் காட்டிக்கொடுத்தது.

5

இங்ஙனம் கூறுவதால் நாம் கருவியை வெறுப்போர் அணியிற் சேர்ந்துவிடவில்லை. வானொலி மேலிருந்து கீழே விநியோகிக்கும் சாதனமாகவே உள்ளது. கேட்போனும் பேசக்கூடிய தொடர்பாடற் சாதனமாக அதனை மாற்றுதல் வேண்டும் என 1932இல் பிரெக்ற் கோரினார். தொழில்நுட்பத்தளவில் அக்கோரிக்கை இன்று நிறைவேறிவிட்டது. சாதனம் யாருடையது, எதன்பொருட்டு என்னும் வினாவோ இன்னும் நிறைவேறாது நிற்கின்றது.

இதற்கு ஒரு வரலாற்று ஒப்பீடு பொருந்தும். பிரான்சின் தென்கிழக்கே பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியராயிருந்த செலஸ்தான் பிரெனே, முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்றவர். நெடுநேரம் பேசி வகுப்பு நடத்த இயலாதவர். 1924இல் அவர் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பறைக்குட் கொணர்ந்தார். உழவர், தொழிலாளர் பிள்ளைகள் தாம் கண்டதை எழுதினர். எதனை அச்சிடுவது என வாக்களித்துத் தீர்மானித்தனர். தம் கையாலேயே எழுத்துக் கோத்தனர். 1926இலிருந்து பிரித்தானிப் பகுதியின் திரேகன்க் பாடசாலைக்கு அத்தாள்கள் அஞ்சலிற் சென்றன. அங்கிருந்து பதில்கள் வந்தன.

இரண்டு கருவிகளும் பிள்ளையின் சொல்லைப் பலரிடம் சேர்ப்பன. ஆயினும் வேறுபாடு பெரிது. அச்சுப்பொறியின் உட்பொறியைப் பிள்ளை அறிந்தது, அதனை இயக்கியது. பொருளைத் தெரிந்தவரும் தெரிவுசெய்தவரும் பிள்ளைகளே. உழைப்பு கூட்டுழைப்பாயிருந்தது. முகந்தெரியாத ஒரு பாடசாலை உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தது. சுருங்கக்கூறின், அங்கே சொல் எடுபட்டது.

பிளிப்கிறிட்டின் முடிவும் இவ்வொப்பீட்டுக்கு ஒளியூட்டுகின்றது. 2024 ஜூலை 1ஆம் திகதி அதன் தனித்த தளமும் செயலியும் மூடப்பட்டன. அதன் கூறுகள் மைக்றோசொப்ற்றின் 'டீம்ஸ்' என்னும் கல்விப் பண்டத்துள் ஒடுக்கப்பட்டன. பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்திய களம் ஒரு நிறுவனத்தின் தீர்மானத்தால் இல்லாதொழிந்தது. அத்தீர்மானத்தில் எந்த வகுப்பறையும் வாக்களிக்கவில்லை. 'மாணவர் குரல்' என்னும் பதாகையின் கீழ் இயங்கிய கருவியின் மரணத்தில் மாணவருக்குக் குரல் இருக்கவில்லை. இது முரண்நகைக்காகக் கூறப்படுவதன்று. உடைமை உறவு எங்குள்ளது என்பதற்கான சான்று.

6

இத்தகைய கருவிகள் வேறு பெயர்களில் தொடர்ந்து வரும், வருகின்றன. அவற்றை ஏற்கும் ஆசிரியர் முன் சில நிபந்தனைகளை வைப்பது பயனுடைத்து. வினாக்களிற் பாதியையேனும் பிள்ளைகளே எழுப்பட்டும். ஒரு கமராவின் முன் இருவரோ மூவரோ சேர்ந்து அமரட்டும்; லியோனுக்குக் கிறெகரி தேவை. முதற்பதிவைத் தடுமாற்றங்களோடு ஏற்கும் வழக்கம் வகுப்பில் ஏற்படட்டும். பார்வைக் கணக்கு மறைக்கப்படட்டும். பதிவுகள் எங்குச் சேமிக்கப்படுகின்றன, எப்பொழுது அழிக்கப்படும் என்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விளங்கும் மொழியிற் சொல்லப்படட்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. திங்களன்று ஒரு பிள்ளை 'இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, ஏனென்றால்...' எனப் பதிவுசெய்தால், செவ்வாய்ப் பாடம் அதனால் மாறியிருத்தல் வேண்டும். மாறவில்லையெனில் அப்பதிவு சேகரிக்கப்பட்ட ஓர் ஒலியேயாகும். மாறியிருந்தால், கருவி எதுவாயினும், சில வேளை கருவியே இல்லாவிடினும், அந்த வகுப்பறையில் ஒரு பிள்ளையின் சொல் எடுபட்டது என நாம் கூறலாம்.